"666 மீட்டர்தானே" என்கிறார் கணவர்!

கேள்வி: டப்ளினில் வசிக்கிறோம். அக்டோபர் கடைசியில் அயர்லாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள டோனிகால் பக்கம் போய், மக்கிஷ் மலையை 'மைனர்ஸ் பாத்' என்கிற செங்குத்து வழியில் ஏறலாம் என்கிறார் கணவர். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் தயார். வயது 62, வருஷம் தவறாமல் பர்வதமலை ஏறுபவர். "666 மீட்டர்தானே" என்கிறார்கள் இருவரும். எனக்குத்தான் பயம். போகலாமா?
– ஒரு வாசகி

பதில்: போகலாம். ஆனால் அந்த வழி இந்த முறை வேண்டாம்.

மாமனாரின் கால்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. பர்வதமலையில் பாறையில் அறைந்திருக்கும் கடப்பாரைப் படியில் ஏறியவருக்கு மக்கிஷின் செங்குத்து ஒரு பொருட்டல்ல. ஆனால் பர்வதமலையில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி உண்டு, முன்னும் பின்னும் ஆட்கள் உண்டு. இங்கே பல நாள் ஆடுகள்தான் துணை. வடக்கு முகத்தில் ஏறும் அந்தப் பாதை, கண்ணாடி செய்வதற்காகக் குவார்ட்ஸ் மணல் வெட்டிய தொழிலாளர்கள் வேலைக்குப் போய்வந்த வழி. அவர்களுடைய இயந்திரங்களின் துருப்பிடித்த துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. காலடியில் சரளைக்கல், மழை பெய்தால் வழுக்கும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் வினை. மக்கிஷுக்குக் கூர்முனை கிடையாது, உச்சி தட்டை. அட்லாண்டிக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் மேகம் சட்டென்று வந்து மூடும். அப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறக் கற்கள். ஏறி வந்த பாதை எங்கே இறங்குகிறது என்று தேடித் தப்பான இடத்தில் கால் வைத்தால், கீழே வடக்குப் பாறைச் சரிவு.

அதனால் தெற்கே மக்கிஷ் கேப் என்கிற கணவாய் வழியாகப் போங்கள். சாலையோரத்து மாதா சிலைதான் அடையாளம். தூரம் குறைவு, ஆரம்பத்தில் மூச்சு வாங்கும், புல்லுக்கடியில் சதுப்பும் இருக்கும். பக்கத்து ஊரான கிரீஸ்லாக் வரும்போதே மலையைப் பாருங்கள். தலை மேகத்துக்குள் இருந்தால் அன்றைக்குக் கடற்கரையோடு சரி. கணவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துவிட்டால், மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டு. ஜீன்ஸ் கூடவே கூடாது: நனைந்தால் காயாது, குளிர் எலும்பில் இறங்கும். போனை மட்டும் நம்பாமல் காகித வரைபடமும் திசைகாட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்தென்றால் 112-ஐ அழைத்து 'மவுண்டன் ரெஸ்க்யூ' என்று கேளுங்கள்.

வானம் தெளிந்திருந்தால் உச்சியிலிருந்து டோரி தீவு தெரியும். மைனர்ஸ் பாத்தை, இரவு பத்து வரை வெளிச்சம் இருக்கும் ஜூனில், வழி தெரிந்த ஒருவரோடு பார்த்துக்கொள்ளலாம். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டினால் மட்டும் தடுத்துவிடுங்கள்; அங்கே அடிக்கிற காற்று அப்படி!