லத்தீன் கூந்தலும் வானியலும்: கேள்வி பதில்

கேள்வி: முடியைக் குறிக்க லத்தீனில் பல சொற்கள் இருக்க, வானியலுக்கு 'கோமா' மட்டும் வந்தது ஏன்?

பதில்: 'பீலுஸ்' உடலில் உள்ள தனி மயிர், 'கபில்லுஸ்' தலைமுடி, 'கிரினிஸ்' நீண்ட கூந்தல். 'கோமா'வோ கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த கூந்தல். கிரேக்கர்கள் வால்வெள்ளியைக் 'கூந்தல் உடையது' என்னும் பொருளில் 'கோமேட்டேஸ்' என்றனர். கிரேக்கர் அவ்வாறு அழைப்பதை ரோமர்கள் 'கிரினிட்டா' என்கிறார்கள் என்று ரோம எழுத்தாளர் மூத்த பிளினியே எழுதியிருக்கிறார். ஆனால் அறிவியல் கிரேக்கப் பெயரையே எடுத்துக்கொண்டதால், ரோமர்களின் சொந்தச் சொல் பழைய நூல்களோடு நின்றுவிட்டது.

கேள்வி: 'கிரினிட்டா' உண்மையிலேயே புழக்கத்தில் இருந்ததா?

பதில்: இருந்தது. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட பின் தோன்றிய வால்வெள்ளியை ரோம வரலாற்றாசிரியர் சுவேடோனியுஸ் 'ஸ்டெல்லா கிரினிட்டா' என்றே குறிக்கிறார். பேரரசர் வெஸ்பாசியன் தம் இறுதிக் காலத்தில் வால்வெள்ளி ஒன்று தோன்றியபோது, அது நீண்ட முடி வளர்த்த பார்த்திய அரசனுக்கான அறிகுறி என்று வேடிக்கையாகச் சொன்னதாகவும் அவர் எழுதுகிறார். வெஸ்பாசியனின் வழுக்கைத் தலையைச் சிலைகளில் பார்த்தவர்களுக்கு அந்த நகைச்சுவை உடனே விளங்கும்.

கேள்வி: இன்று வால்வெள்ளியின் கோமா என்பது வாலா?

பதில்: இல்லை. வால்வெள்ளியின் நடுவிலுள்ள திண்மப் பகுதியான கருவின் பனி சூரிய வெப்பத்தில் ஆவியாகும்போது அதைச் சுற்றி உருவாகும் வாயுவும் தூசும் கலந்த உறையே கோமா. கரு சில கிலோமீட்டர் அளவே இருந்தாலும், கோமா லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் விரியக்கூடும். சூரிய ஒளியின் அழுத்தமும் சூரியக் காற்றும் அதிலிருந்து தள்ளிச் செல்பவையே வால்.

கேள்வி: 'கோமா பெரெனிசஸ்' என்ற விண்மீன் குழுவின் கதை என்ன?

பதில்: எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமி கி.மு. 246-இல் சிரியப் போருக்குச் சென்றபோது, அவர் நலமாகத் திரும்பினால் கூந்தலைக் காணிக்கையாக்குவதாக அரசி பெரெனிஸ் நேர்ந்துகொண்டார். அவ்வாறே கோவிலில் வைத்த கூந்தல் காணாமற்போகவே, அது வானில் ஏறிவிட்டது என்று சாமோஸ் தீவின் வானியலாளர் கோனோன் அறிவித்தார். அரசவை நெருக்கடியைத் தணிக்க இதைவிடச் சாமர்த்தியமான வழி இருந்திருக்காது. கல்லிமாக்கஸ் கிரேக்கத்தில் பாடிய இக்கதையைக் கட்டுல்லுஸ் லத்தீனில் தந்தபோது, அடர்ந்த கூந்தலுக்கான 'கைசரியேஸ்' என்ற சொல்லையும் ஆண்டார். எனினும் குழுவின் பெயரில் நிலைத்தது 'கோமா'வே. வானியலாளர் தாலமி இவ்விண்மீன்களைச் சிம்மத்தோடு சேர்த்தே குறிப்பிட்டிருந்தார். 1602-இல் வெளியான டைக்கோ பிராஹேயின் பட்டியல் இவற்றைத் தனிக் குழுவாக நிலைநிறுத்தியது. இருண்ட வானில் மெல்லிய இழைகளாகத் தெரிவது, சுமார் 280 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மெலோட் 111 என்ற கொத்து.

கேள்வி: விண்மீன்களின் பெயரில் ஏன் 'கோமே' என்று மாறுகிறது?

பதில்: விண்மீனின் பெயரில் குழுவின் பெயர் லத்தீனின் உடைமை வேற்றுமையில் ('கோமாவின்' என்பதுபோல) வர வேண்டும். ஆகவே 'டயடெம்' எனப்படும் விண்மீன், ஆல்பா கோமே பெரெனிசஸ்.

கேள்வி: மருத்துவத்தில் நினைவிழந்த நிலையான கோமாவும் இதுவா?

பதில்: அன்று. ஆழ்ந்த உறக்கத்தைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல் அது. தொலைநோக்கியில் ஓரத்து விண்மீன்கள் வால் முளைத்தாற்போலத் தெரியும் பிழைக்கு வழங்கும் கோமா என்ற பெயர் மட்டும் வால்வெள்ளியின் வழியே வந்தது.