ஜெர்மன் யூ-போட்கள் (இரண்டாம் உலகப் போர் நீர்மூழ்கிகள்) பற்றிப் படிக்க எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

ஏதோ ஒரு நீர்மூழ்கிப் படம் பார்த்த சூட்டோடு கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேள்விக்குக் கீழே, 'அதிகக் கப்பல்களை மூழ்கடித்த கேப்டன்களைப் பற்றி இருந்தால் நல்லது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

சரி, முதலில் கேட்டதற்குப் பதில். புக்ஹைம் எழுதிய 'டாஸ் போட்' நாவலில் தொடங்குங்கள். 1941இல் யூ-96இல் போர்ச் செய்தியாளராகப் போன அனுபவத்தை வைத்து 1973இல் வெளியிட்டார். 67 மீட்டர் நீளப் படகில் ஐம்பது பேர் எப்படி வாரக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள் என்று அதில் தெரியும். கடல்மட்டத்தில் மணிக்கு 17 கடல் மைல் வேகத்தில் ஓடும் படகு, உள்ளே மூழ்கிவிட்டால் பேட்டரியில் ஏழு கடல் மைல்தான். அதனால் பெரும்பாலான நேரம் மேலேயேதான் திரிந்தார்கள். அப்புறம் கிளே பிளேரின் இரண்டு தடித்த தொகுதிகள். அவரும் போரில் அமெரிக்க நீர்மூழ்கியில் இருந்தவர். யூ-போட் பயத்தை ஊதிப் பெருக்கிவிட்டார்கள், அட்லாண்டிக்கைக் கடந்த கான்வாய்களில் (காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்கள்) நூற்றுக்கு 99 கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தது என்பது அவர் கட்சி.

அந்த 99ஐ நான் படித்தது வட அட்லாண்டிக்கில், ஒரு சரக்குக் கப்பலின் கேபினில். எஞ்சின் ரூமில் மோட்டார்மேனாக இருந்தேன், 12-4 வாட்ச், அதாவது பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை வேலை. ஜனவரி மாதம். படித்துவிட்டு நள்ளிரவில் எஞ்சின் ரூமுக்கு இறங்கினேன். நாங்கள் நிற்கும் கீழ்த் தட்டு கடல்மட்டத்துக்கு எவ்வளவோ கீழே. டார்பிடோ விடுகிறவன் கப்பல் நின்றுபோக வேண்டும் என்று எஞ்சின் ரூமைத்தான் குறிவைப்பான். அன்று வாட்ச் முடிந்து ஏறும்போது படிகளை எண்ணினேன். டெக் கதவு வரை 71. வேகமாக ஏறியும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. விளக்கு எரிகிறது, கப்பல் சாயவில்லை, தண்ணீர் இல்லை, அப்படியும் ஒரு நிமிடம். மீதமுள்ள அந்த ஒரு கப்பலின் எஞ்சின் ரூமில் யார் நின்றிருப்பார்கள் என்ற எண்ணம் அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

நின்றவர்களில் நிறையப் பேர் இந்தியர்கள். சில்ஹெட், சிட்டகாங், கோவா, குஜராத் பக்கத்து ஆட்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் 'லஸ்கர்' என்பார்கள். பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுவது இவர்கள், சம்பளம் வெள்ளைக்கார மாலுமிக்குக் கிடைத்ததில் ஒரு பங்குதான். 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கப்பலை 1940 செப்டம்பர் 17 இரவு யூ-48 அடித்தது. கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். அதைப் பல புத்தகங்கள் சொல்கின்றன, சொல்லவும் வேண்டும். அதே இரவில் 100க்கும் மேற்பட்ட லஸ்கர்கள் செத்தார்கள், மெல்லிய பருத்தி உடுப்போடு படகுகளில் உட்கார்ந்து குளிரில் விறைத்தவர்கள் அதில் பலர். எட்டு நாள் கழித்துக் கண்டுபிடித்த 12ஆம் எண் படகில் 46 பேர் இருந்தார்கள், பாதிக்கு மேல் லஸ்கர்கள்தான். ஆனால் நான் படித்த புத்தகங்களில் அந்தப் படகு என்றாலே ஆறு சிறுவர்களும் அவர்களைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணும்தான்.

கப்பல் ஏறக் காத்திருந்த நாட்களில் மும்பை மஸ்ஜித் பந்தர் பக்கம் மாலுமிகள் இல்லத்துக்குப் போய், இரண்டாம் போரில் இறந்த நம் கடலோடிகளின் பெயர்ப் புத்தகத்தைப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் பெயர்கள். அரை மணி நேரம் புரட்டிவிட்டு வெளியே வந்து டீக்கடையில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. 1941 மே வரை பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில், கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் சம்பளமும் நின்றுவிடும். படகில் கிடந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு பற்றி எரிந்தது, ஏனென்றால் 2012இல் கை உடைந்து என்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டபோது, ஏஜென்ட் இறக்கிய தேதியோடு கணக்கை முடித்தார். ஆஸ்பத்திரியில் கிடந்த 23 நாளுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. கடிதம் எழுதி எழுதி ஓய்ந்துவிட்டேன். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

'ஜெர்மன்காரனும் மனிதன்தானே' என்று யாராவது கீழே எழுதுவார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. யூ-போட்களில் போன சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் திரும்பவில்லை. 1943 மே மாதம் மட்டும் 41 படகுகள் அழிந்தன, ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸின் மகனும் அதில் இறந்தவர்களில் ஒருவன். அவர்களும் படகின் கீழ்த் தட்டில் நின்றவர்கள். கேப்டன்களைப் படிக்காதீர்கள் என்பதும் என் பேச்சு இல்லை, அதிகக் கப்பல்களை மூழ்கடித்த யூ-போட் கேப்டன் கிரெட்ஷ்மரைப் பற்றி நானே ஆசையாகப் படித்திருக்கிறேன்.

கேப்டன்களின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூழ்கிய கப்பல்களின் பெயர்கள் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து, அதன் எஞ்சின் ரூமில் யார் யார் இருந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். யூ-48 வேண்டுமானால் பெனாரஸில் தொடங்கலாம்.