கறி ரப்பரா வந்துதா, கோஸ் நீலமா போச்சா?

பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து மூணு மாசமான தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "அண்ணாச்சி, கேன்டீன்ல பன்னிக்கறியும் சிவப்பு முட்டைக்கோஸும் சேர்த்து மெதுவா வேகவச்சது சாப்பிட்டேன். வீட்ல செஞ்சு பார்த்தா ஒரு மணி நேரம் கழிச்சும் கறி ரப்பர் மாதிரி இருக்கு. கோஸ் வேற நீலமா போச்சு. எங்க தப்பு?"

ரெண்டும் வேற வேற தப்பு தம்பி. கறிக்கு நேரம் பத்தல, கோஸுக்குப் புளிப்பு பத்தல.

முதல்ல கறி. கொழுப்பில்லாத துண்டா பார்த்து வாங்கியிருப்பீங்க. இதுக்கு அது ஆகாது, வேக வேக வறண்டு நாராப் போகும். 'ஷுல்ட்டர்'னு கேட்டா தோள்பட்டை, 'நாக்கன்'னு கேட்டா கழுத்து. ரெண்டுல எதுவும் சரி, எலும்பில்லாம 1 கிலோ. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வச்சிருங்க. இந்தத் துண்டுகள்ல சவ்வு நிறைய. அது கரைஞ்சு பசையா மாறினாத்தான் கறி குழையும், அதுக்கு மணிக்கணக்கா மெதுவான சூடு வேணும். ஒரு மணி நேரத்துல கறி வெந்திருக்கும், ஆனா சவ்வு கரைஞ்சிருக்காது. அதைத்தான் நீங்க ரப்பர்ங்கறீங்க. 'அதிகமா வெந்துட்டு'ன்னு நினைச்சு அந்த நேரத்துல இறக்குறவங்கதான் அதிகம். இன்னும் ஒன்றரை மணி நேரம் விட்டிருக்கணும்.

5 செ.மீ. துண்டாப் போட்டு, ரெண்டு டீஸ்பூன் உப்பு தடவி ராத்திரியே ஃபிரிட்ஜ்ல வைங்க. நம்ம ஊர் வழக்கப்படி மஞ்சள் போட்டு அலசணும்னு கை பரபரக்கும்; வேண்டாம். ஈரக்கறி எண்ணெய்ல செவக்காது, தண்ணி விட்டு அவியும். காகிதத்தால ஒத்தி எடுத்துட்டு, 2 மேசைக்கரண்டி எண்ணெய்ல மூணு தடவையாப் பிரிச்சுப் போடுங்க. ஒரு பக்கத்துக்கு 3, 4 நிமிஷம். சட்டி நிறைய அடைச்சாலும் அதே அவியல் கதைதான். அடியில ஒட்டுற பழுப்பைக் கழுவிக் கொட்டிராதீங்க, ருசியே அங்கதான் இருக்கு.

கறியை எடுத்துட்டு அதே சட்டியில நீளவாக்குல அரிஞ்ச வெங்காயம் 2, புளிப்பு ஆப்பிள் 2 போட்டு வதக்கி அடியைச் சுரண்டுங்க. அடுத்தது கோஸ், 900 கிராம். நாலாப் பிளந்து நடுத்தண்டை நீக்கி அரை செ.மீ. அகலத்துக்கு அரியுங்க. பொரியலுக்கு அரியற மாதிரி பொடியா அரிஞ்சா ரெண்டரை மணி நேரத்துல கூழாயிரும்.

நீலத்துக்கு வருவோம். சிவப்புக் கோஸோட சாயம் புளிப்புல சிவக்கும், புளிப்பில்லாட்டா ஊதா, சுண்ணாம்புத் தண்ணியில நீலம். ஜெர்மனியில பல ஊர்ல குழாய்த் தண்ணி கடினத் தண்ணி, கெட்டில்ல வெள்ளையாப் படியுமே, அதுதான். சொதிக்கு எலுமிச்சைய இறக்கின பிறகு பிழியறோம், இல்லாட்டா தேங்காய்ப்பால் திரிஞ்சிரும். இங்க நேர்மாறு, புளிப்பு முதல்லயே விழணும். கோஸ் கொட்டினதும் 3 மேசைக்கரண்டி வினிகர் விட்டுப் புரட்டுங்க. அகப்பை பட்ட இடமெல்லாம் ஊதா விலகி பீட்ரூட் சிவப்பு வரும், பார்க்கும்போதே தெரியும். அந்தப் புளிப்பே கோஸைச் சீக்கிரம் குழையவும் விடாது. பூச்சில்லாத இரும்புச் சட்டியும் அலுமினியமும் ஆகாது, நிறமும் ருசியும் கெடும். எனாமல் பூசின கனமான மூடிச்சட்டி, 5 லிட்டராவது வேணும்.

இனிப்புக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி. ஊர்ல இருந்து உடன்குடிக் கருப்பட்டி வந்திருந்தா 20 கிராம் போடுங்க, எனக்கு அதுதான் பிடிக்கும். பதநீர் இறக்குற கலயத்துல சுண்ணாம்பு தடவுறதால வினிகரை ஒரு டீஸ்பூன் கூட்டிக்கோங்க. கிராம்பு 4, பட்டை சின்னத் துண்டு, நசுக்கின 'வாக்ஹோல்டர்' (ஜூனிபர்) காய் 5, இங்கத்து 'லோர்பேர்' (பே லீஃப்) இலை 2. ஊர்ப் பொட்டலத்துல இருக்கிற பிரிஞ்சி இலை வேற, பட்டை வாசம் தூக்கிரும். ஒரு டீஸ்பூன் உப்பு. தண்ணி 250 மி.லி. போதும், கோஸே தண்ணி விடும், கூடுதலா ஊத்தினா ரசமாயிரும்.

கறியைக் கோஸுக்குள்ள புதைச்சு, மூடி, 150 டிகிரி அவன்ல ரெண்டரை மணி நேரம். காத்தாடி ஓடுற 'உம்லுஃப்ட்' முறைனா 130. மூடி சரியா உக்காரலைன்னா மூடிக்கும் சட்டி வாய்க்கும் நடுவுல ஒரு அலுமினியத் தாள், கோஸ்ல படாம. முள்கரண்டியைக் குத்தித் திருப்பினா கறி தானாப் பிரியணும். முரண்டு பிடிச்சா இன்னும் அரை மணி. கடைசி 20 நிமிஷம் மூடியத் திறந்து சாறை வத்த விட்டு, ஒரு கரண்டி வினிகர், மிளகுத்தூள் போட்டு இறக்குங்க. குக்கர்ல விசில் விட்டா கறி வேகும், ஆனா சாறு வத்தாது, கோஸ் கரைஞ்சிரும்.

கண்ணாடி ஜாடியில விக்கிற 'ரோட்கோல்', அதாவது சிவப்புக் கோஸ், வாங்கினா கவனம். அது ஏற்கெனவே வெந்து, சீனியும் வினிகரும் போட்டது. கறி முழுசா வெந்த பிறகு கடைசி 20 நிமிஷம் சேர்த்தாப் போதும், தனியா சீனி வேண்டாம். தெற்கே பவேரியாப் பக்கம் இதையே 'பிளவ்க்ராவுட்', நீலக்கோஸ்ங்கறாங்க, அதனால பேரைப் பார்த்துக் குழம்பாதீங்க.

அவிச்ச உருளைக்கிழங்கோட இது சேரும். சோத்துக்கு இந்த இனிப்புப் புளிப்பு ஒட்டாது, வேணும்னா பருப்போட சேர்த்துப் பாருங்க. மிச்சத்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ்ல வச்சிருங்க. மறுநாள் சின்னத் தீயில சூடாக்கினா முந்தின நாளைவிட நல்லாருக்கும்.