தடாகத்துக்கு ஆற்று மணல் போடலாமா?

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா எங்கள் கிளிநொச்சி வீட்டில் சின்னதாக ஒரு நீச்சல் தடாகம் கட்டிவிட்டுப் போய்விட்டார், பராமரிப்பு என் தலையில். இப்போது தண்ணீர் கலங்கல், வடிகட்டியிலிருந்து வரத்தும் குறைவு. மேசன், வடிகட்டிக்குள் இருக்கும் மணலை அள்ளிவிட்டு ஆற்று மணல் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆற்று மணலில் களியும் தூசும் கலந்திருக்கும், பருமனும் ஒன்றுபோல் இராது. வடிகட்டிக்கு அரித்தெடுத்த சிலிக்கா மணல்தான், பெரும்பாலும் 0.45 முதல் 0.55 மில்லிமீற்றர். சரி, மணலை மாற்ற முதல் ஒருதரம் வடிகட்டிக்குள் தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓடவிட்டு (இதுதான் ‘பக்வொஷ்’) மணலைக் கழுவிப் பாருங்கள். பிரஷர் மீற்றர் வழமையைவிட 8, 10 பி.எஸ்.ஐ. கூடி நின்றால் அழுக்கு அடைத்துவிட்டது என்று அர்த்தம். மோட்டரை நிறுத்திவிட்டுத்தான் வால்வைத் திருப்ப வேண்டும் (ஓடும்போது திருப்பி உள்ளே உள்ள ரப்பரைக் கிழித்தவன் நான்), ‘பக்வொஷ்’ நிலையில் வைத்து, வால்வில் உள்ள சின்னக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, திரும்பவும் நிறுத்தி, ‘ரின்ஸ்’ நிலையில் அரை நிமிடம். சோளகக் காற்று புழுதி அள்ளிவரும் மாதங்களில் இதை அடிக்கடி செய்ய வேண்டிவரும். அந்தக் குளோரின் தண்ணீரைக் கிணற்றடியிலோ வாழைக்கோ விடாதீர்கள்.

அப்படியும் தெளியாவிட்டால், கேத்தில் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு மணலையும் கட்டியாக்கியிருக்கும். அப்போது மாற்றத்தான் வேண்டும்.