பலனை எதிர்பார்க்காம கடமையைச் செய்னு சொல்றாங்களே, வீட்ல பெரியவங்கள பாத்துக்கறவங்க ஒரு நன்றிகூட எதிர்பார்க்கக்கூடாதா?

கேள்விய பாத்தாலே தெரியுது, வீட்ல யாரோ படுக்கைல இருக்காங்க, நீங்கதான் பாக்கறீங்க, பாக்காத யாரோ ஒருத்தர் உங்களுக்கு கீதை சொல்லிட்டு போயிருக்காங்க. என் ஊகம் தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க, எனக்கு நடந்தது அதுதான்.

என் மாமியார் ஆறு வருஷம் படுக்கை. கடைசி ரெண்டு வருஷம் யாரையும் அடையாளம் தெரியாது. டயபர் மாத்தறது, புண் வராம புரட்டி படுக்க வைக்கறது, ராத்திரி ரெண்டு மணிக்கு கத்தினா எழுந்து போறது எல்லாம் நான்தான். நாத்தனார் வெளியூர்ல, மாசத்துக்கு ஒரு போன். ஒரு நாள் முடியாம கொஞ்சம் பொலம்பிட்டேன், உடனே "அண்ணி, கடமையைச் செய், பலனை எதிர்பாராதேன்னு பகவானே சொல்லியிருக்காரு"ன்னா. போனை வச்சுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன்.

அந்த கோவத்துலதான் கீதைய எடுத்தேன். நான் பண்டிதை இல்ல, சமஸ்கிருதமும் தெரியாது, தமிழ் உரை வச்சு படிச்சவ, அதனால இலக்கணம் எடுத்துட்டு சண்டைக்கு வராதீங்க. அந்த வரி ரெண்டாம் அத்தியாயம் 47வது ஸ்லோகம். அதுல நாலு துண்டு இருக்கு. செயல்லதான் உனக்கு அதிகாரம், பலன்ல ஒருபோதும் இல்ல, பலனுக்கு நீதான் காரணம்னு நினைக்காத, செய்யாம இருக்கறதுலயும் பற்று வைக்காத. இந்த நாலாவத யாராச்சும் போன்ல சொல்லி கேட்டிருக்கீங்களா? என் நாத்தனாருக்கு வேண்டியது அதுதான்!

இன்னொன்னு. கிருஷ்ணர் இத சொன்னது வில்ல கீழ போட்டுட்டு உக்காந்தவன்கிட்ட, ஏற்கனவே இடுப்பொடிய வேல செஞ்சுட்டு இருந்தவகிட்ட இல்ல. சொன்னவரும் சும்மா இல்ல, அந்தாளுக்கு தேர் ஓட்டிட்டு இருந்தாரு. எல்லார் வீட்டு சுவத்துலயும் தொங்குதே, "எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது"ன்னு கீதாசாரம், 700 ஸ்லோகத்துல அப்படி ஒரு ஸ்லோகமே கிடையாது. தேடி ஏமாந்தவ சொல்றேன். அத ஃபார்வர்ட் பண்றவங்கள என்ன பண்றது சொல்லுங்க, காலங்காத்தால நாலு பேர் அனுப்பறாங்க, அதுல ஒருத்தர் வாங்கின கடன திருப்பித் தராதவர். சரி அத விடுங்க.

நன்றி எதிர்பார்த்தேனான்னா, ஆமா. நோட்டே போட்டேன், யாரு எத்தன நாள் வந்து பாத்தாங்கன்னு தேதியோட. ஒரு நாள் நகம் வெட்டிவிடறப்ப அத்தை என் கைய புடிச்சுகிட்டு, நீ நல்லா இருக்கணும்மான்னு ஆசீர்வாதம் பண்ணாங்க. ஆனா கூப்பிட்டது நாத்தனார் பேர சொல்லி. ரெண்டு நாள் அவங்ககிட்ட முகம் குடுக்கல, புரியாதவங்ககிட்ட கோச்சுக்கிட்டு என்ன ஆகப்போகுது, ஆனா கோச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு வாரம் போல, எப்படின்னு தெரியல, மனசு வெறுமனே இருந்துச்சு. வர வேண்டியது வேற பேருக்கு போயிடுச்சு, இனிமே இங்க வாங்கறதுக்கு ஒன்னும் இல்லன்னு ஆனதும் அந்த டயபரும் புண்ணும் வெறும் வேலையா மட்டும் தெரிஞ்சுது. கை வலிச்சுது, மனசு வலிக்கல. நிஷ்காம கர்மம், அதாவது பலன எதிர்பார்க்காம செய்யற செயல்னா என்னன்னு எனக்கு தெரிஞ்சதெல்லாம் அந்த ஒரு வாரம்தான். அடுத்த வாரம் நோட்ட மறுபடி எடுத்துட்டேன், பொய் சொல்ல விரும்பல.

இதெல்லாம் மோட்சத்துக்கு வழியான்னு உங்களுக்கு தோணும். அதுலயே ஆச்சாரியர்கள் ஒத்துப்போகல. செயல் மனச சுத்தம்தான் பண்ணும், விடுதலை ஞானத்தாலதான்னு சங்கரர். ராமானுஜர் வழியில பக்தியும் சரணாகதியும். ஆனா மூணாம் அத்தியாயத்துல ஜனகர் மாதிரி ஆளுங்க செயலாலயே சித்தி, அதாவது முழு நிலை, அடைஞ்சாங்கன்னு வருது, அவர் ராஜ்யத்த விட்டுட்டு காட்டுக்கு ஓடினவர் இல்ல. எனக்கு அது போதும். மேல கேட்டா ஒரு குருகிட்ட கேளுங்க.

ஆனா ஒன்னு, உதவிக்கு ஆள் கேக்கறது பலன எதிர்பார்க்கறது ஆகாது, அது வேலைய ஒழுங்கா செய்யறதுல சேர்ந்தது. கூசாம கேளுங்க. நான் கேக்காம விட்டுட்டு இன்னைக்கு முதுகு வலியோட உக்காந்து இத டைப் பண்றேன்.

நாத்தனார் இந்த தளத்துல இருக்காளான்னு தெரியல. இருந்தா படிக்கட்டும்.