முதல் நாள் டிக்கெட் யாருக்கு?

கேள்வி: மே முதல் ஜூலை வரை வரப்போகும் பெரிய ஹொலிவுட் படங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் முதல் நாளே பார்த்துவிடுவது என்று முடிவு. வீட்டில் திட்டுகிறார்கள். படத்துக்காக இப்படிக் காத்திருப்பது தவறா? (வாசகர் ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: காத்திருப்பதில் ஒரு தவறும் இல்லை. வீட்டாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். 'முதல் நாளே' என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உங்களோடு வழக்கு.

அந்த அவசரத்தை உங்களுக்குள் ஏற்றிவிட்டது யார் என்று யோசித்தீர்களா? முன்பெல்லாம் அமெரிக்காவிலேயே ஒரு படம் சில பெரிய நகரங்களில் தொடங்கி, மெல்ல மெல்லத்தான் மற்ற ஊர்களுக்குப் போகும். 1975 ஜூன் 20 அன்று 'ஜோஸ்' என்ற சுறாமீன் படம் வந்தது. அதற்கு முந்திய சில நாட்கள் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு மட்டும் சுமார் ஏழு இலட்சம் டொலர் கொட்டினார்கள். நானூறுக்கும் அதிகமான தியேட்டர்களில் ஒரே நாளில் திறந்தார்கள். படம் அள்ளியது. அதிலிருந்து கோடைகாலம் ஸ்டூடியோக்களின் அறுவடைக்காலம் ஆகிவிட்டது. அங்கே பாடசாலை விடுமுறை, வெயில், குளிரூட்டிய தியேட்டர். எங்களுக்கோ மே கடைசியில் பருவப்பெயர்ச்சி மழை. கொழும்பின் காலி வீதியில் குடையோடு நிற்கிற காலம்.

இன்னொன்றும் இருக்கிறது. டிக்கெட் பணத்தில் ஸ்டூடியோவின் பங்கு முதல் வாரத்தில் கூடுதலாகவும் போகப்போகக் குறைவாகவும் இருக்கும்படிதான் அங்கே நெடுங்காலம் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் வெள்ளிக்கிழமையே நீங்கள் வந்தால் அவர்களுக்கு லாபம். உங்களுக்கு என்ன லாபம்? பத்து நாள் கழித்துப் போனாலும் அதே படம்தான்.

முதல் வார வசூலை வைத்துப் படத்தை எடைபோடுகிற பழக்கமும் இதோடு வந்ததுதான். 1982 ஜூன் 25 அன்று, ஒரே நாளில், 'பிளேட் ரன்னர்', 'தி திங்' இரண்டும் வெளியாயின. இரண்டு வாரம் முன்பு வந்த 'ஈ.ரி.' மொத்தக் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் வசூலில் சறுக்கின. இன்று அந்த இரண்டு படங்களையும் விட்டுவிட்டு அறிவியல் புனைகதைப் படங்களைப் பற்றி யாராவது பேச முடியுமா? மாறாக, 1977 மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' முதலில் திறந்தது முப்பது சொச்சம் தியேட்டர்களில்தான். பார்த்தவர்கள் வாயால் சொல்லிச் சொல்லி அது வளர்ந்தது.

அதே 1977இல்தான் தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' வந்தது. ஒரு சிங்கள இயக்குநர் நம் சாதியையும் சீதனத்தையும் நேராகப் பார்த்து எடுத்த தமிழ்ப் படம். வசூலில் அது தோற்றது. இப்போது இலங்கைத் தமிழ் சினிமா என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர்களில் அதுவும் ஒன்று. இந்த மரியாதையை அன்றைக்கே, தியேட்டர் வாசலில், நாம் கொடுத்திருக்க வேண்டாமா? இது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம்.

ஆகவே உங்கள் பட்டியலைத் திருத்துங்கள் என்பேன். பெரிய படங்கள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. கொள்ளுப்பிட்டியிலோ பம்பலப்பிட்டியிலோ இரண்டாவது வாரமும் ஓடும். கூட்டம் குறைந்த ஒரு நாள் மாலைக் காட்சிக்கு, பார்த்தவர்கள் நாலு பேரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அந்த முதல் நாள் வெறியை மட்டும் இங்கே நம் பிள்ளைகள் கடன் வாங்கி எடுக்கிற படங்களுக்கு வைத்திருங்கள். அவற்றுக்குக் கிடைப்பது சில காட்சிகள். நாற்காலி காலியாக இருந்தால் அடுத்த வாரம் அந்தக் காட்சியும் இருக்காது. அடுத்த முறை அப்படி ஒரு சுவரொட்டியை வெள்ளவத்தையில் கண்டால் முதல் காட்சிக்கே போங்கள். திட்டுகிற வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். படம் பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.