ஆச்சி தந்த அனுமதிதான் உங்கள் வழக்கைக் கெடுக்கிறது

கேள்வி: நாங்கள் முல்லைத்தீவு முள்ளியவளை. இடம்பெயர்ந்து 2011இல் திரும்பி வந்தபோது பழைய கதிகால் வேலியின் சுவடே இல்லை. பக்கத்துக் காணிக்காரர் 2006இலிருந்து கனடாவில். அவருடைய தாயார் மட்டும் வந்து இருந்தார். "பாத்து அடை மோனை, ஆர் கேக்கப் போயினம்" என்றார் ஆச்சி. முள்ளுக்கம்பி அடித்தோம். ஆச்சியை மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியதிலிருந்து கடைசிக் காரியம் வரை பார்த்தது நாங்கள்தான். மாரியில் எங்கள் இரண்டு நாய்களும் பின்வளவைச் சேறாக்குகின்றன என்று இந்த மாசியில் நாலரை இலட்சம் செலவழித்து, சல்லி போட்டு இறுக்கிச் செயற்கைப் புல் விரித்தோம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த மகன் நில அளவையாளரைக் கூட்டிவந்து, புல்லில் ஐந்து அடி தன்னுடைய காணி என்கிறார். நாய்களைப் பற்றி அவர் சொன்னதை எழுத முடியாது. பொலிஸில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டோம். பத்து வருடத்துக்கு மேல் ஆண்டது எங்களுக்குத்தானே? இரண்டும் உறுதி எழுதிய தனியார் காணி. உறுதி மகன் பெயரில்.

பதில்: ஆச்சிக்கு நீங்கள் செய்தது பெரிய காரியம். வழக்கில் அதற்கு இடமில்லை. மகனுடைய வாய்க்கும் இடமில்லை. கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி: "பாத்து அடை மோனை."

நீண்டகாலம் ஆண்டு காணியுரிமை பெறுவதைப் பற்றிய இலங்கையின் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வெறும் பத்து வருடத்தைக் கேட்கவில்லை. உரிமைகாரருக்கு எதிராக ஆண்ட பத்து வருடத்தைக் கேட்கிறது. ஒருவர் சம்மதித்து நீங்கள் இருந்தால், இருபது வருடம் இருந்தாலும் அனுமதியில் இருந்தவர்தான். ஆச்சி உரிமைகாரி இல்லையே என்பீர்கள். மகனுக்காகத்தான் தாய் காணியைப் பார்த்தார் என்று எதிர்ப்பக்கம் சொல்லும். சொல்வதற்கு ஆதாரமாக உங்கள் பொலிஸ் வாக்குமூலமே இருக்கிறது. ஆட்கள் இப்படித்தான் விழுகிறார்கள். அனுமதியைச் சொன்னால் தங்கள் பக்கம் நியாயமாகத் தெரியும் என்று நினைத்து, இருந்த ஒரே வாதத்தையும் பொலிஸ் புத்தகத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது ஆணி அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு. உங்கள் ஆட்சி தொடங்கியபோது உரிமைகாரர் கடல் கடந்து இருந்தால், அவர் திரும்பும்வரை காலம் ஓடாது. அவர் போனது 2006, நீங்கள் வேலி அடித்தது 2011. இடையில் வந்துபோனாரா என்று வாதாடலாம். அதற்கே சில வருடம் போகும். போரால் தங்கள் காணிக்கு வரமுடியாதவர்களைக் காக்கும் 2016இன் 5ஆம் இலக்கச் சட்டத்தைப் பலர் கேட்கிறார்கள். அது 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றியது, உங்களுக்குப் பொருட்டில்லை. அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணியாக இருந்திருந்தால் பதில் இன்னும் குறுகியிருக்கும்: அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடாது.

இனி எனக்கு உண்மையில் பயமான இடம். இது கைகலப்பு நிலைக்குப் போனால் பொலிஸ் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும். அங்கே உறுதி பார்க்கமாட்டார்கள். தாக்கல் செய்த அன்று யார் ஆட்சியில், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரையாவது பலவந்தமாக வெளியேற்றியதா, அவ்வளவுதான். நீங்கள் வெல்லக்கூடும். குழியே அதுதான். அந்தக் கட்டளை உரிமையைத் தீர்ப்பதில்லை, மாவட்ட நீதிமன்றம் தீர்க்கும்வரை அமைதியைக் காக்கிறது. புதுக்குடியிருப்புப் பக்கம் என் கட்சிக்காரர் ஒருவர் 66இல் வென்ற சந்தோஷத்தில் மதில் கட்டினார். மேலே போத்தல் ஓடும் பதித்தார். ஆறு வருடம் கழித்து மாவட்ட நீதிமன்றத் தீர்ப்போடு, அதை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்கால் வந்தார். மதிலை உடைத்த கூலியும் இவர் தலையில்.

ஆகவே அளவையாளர் வந்த நாளுக்குப் பிறகு அந்த ஐந்து அடியில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். பிணக்குத் தெரிந்த பிறகு செய்த வேலைக்கு நட்டஈடு கேட்க வாய் இராது. முந்திப் போட்டதற்கும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். காணியின் பெறுமதி எவ்வளவு கூடியது என்றுதான் கேட்பார்கள். நாய்க்கு விரித்த புல்லால் அவருடைய காணி ஒரு சதமும் கூடவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: கழுவுகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? செயற்கைப் புல் மூத்திரத்தைக் குடிக்காது. அடியிலுள்ள துளைகளால் சல்லிக்குள் இறங்கி, வெயிலில் நாறி, பள்ளமான பக்கம் போகும். அது ஆச்சியின் கிணற்றுப் பக்கமென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், பொதுத்தொல்லைக்கான குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவும் மகன் கையில் இரண்டாவது ஆயுதம்.

சமாதானமாகப் போங்கள். புல்லின் பின்பக்கத்தைக் கத்தியால் வெட்டி ஐந்து அடி சுருட்டுங்கள், சல்லியை வாரி உங்கள் பக்கம் போடுங்கள். நாலரை இலட்சமும் போகாது, இரண்டு நாள் கூலி போகும். திரும்பப் போடும்போது சரிவை உங்கள் வளவுக்குள் வையுங்கள். அந்தத் துண்டு வேண்டும்தான் என்றால் விலைக்குக் கேளுங்கள். அறுபது அடி நீளமென்றாலும் ஒரு பேர்ச்சுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவே. ஆனால் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வராதீர்கள். 1840இன் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னால் முடித்த உறுதி இல்லாமல் காணி மாறாது. எல்லைக்கல் எங்கே நடுவது என்ற இணக்கத்தையாவது, பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபையில் பதிந்து கையொப்பமிடுங்கள்.

அவர் எப்போது திரும்புகிறார் என்று எழுதவில்லை. விமானம் ஏறிவிட்டால் பிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும், அவருக்காக வேறொருவர் ஒப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் தேட வேண்டும். இந்தக் கிழமையே போய்ப் பேசுங்கள். நாய்கள் வீட்டில் நிற்கட்டும்.